வலிக்காத இடம்

பிலோமினாவின் தொப்புளுக்கு இடப்பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு மெத்தென்று வீங்கியிருந்த இடத்தை டாக்டரம்மா இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். மீட்டரில் எண்கூட வராத அளவுக்குச் சர்க்கரை ஏறி, நினைவு தப்பிக் கிடந்தவள் அன்றுதான் கண் திறந்திருந்தாள்.

"தினம் இங்கயேதான் இன்சுலின் போடுவீங்களா?"

"அங்கதான் அவளுக்கு வலிக்காது" என்றார் அவள் கணவர் சவரிமுத்து.

"ஒரே இடத்துல குத்திக் குத்திக் கொழுப்பு கட்டியாயிருச்சு, ஐயா. மருந்து அதுலயே தங்கிடுது, ரத்தத்துக்குச் சரியா போறதில்ல. இனிமே அந்த இடத்தைத் தொடாதீங்க."

சவரிமுத்து தலையாட்டினார். கணவன் மனைவிக்குள் கோபம் என்று எதுவும் கிடையாது. பேச்சு எப்படியோ வற்றிவிட்டது. காலையும் மாலையும் ஊசி போட்டு எடுத்ததும் "வலிக்குதா?" என்பார். "இல்ல" என்று சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

வீடு திரும்பிய மாலை தொடையில் குத்தினார். அவள் விரல்கள் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்தன. மருந்து இறங்கும்வரை காத்திருந்து ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்தார்.

"வலிக்குதா?"

"வலிக்குது" என்றாள். எழுந்து போகவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல், பஞ்சை அழுத்திய விரலை எடுக்காமலே சவரிமுத்து உட்கார்ந்திருந்தார்.