பேர் வெட்டின அண்டா

"புளிக்க வைக்கக் கண்ணாடி ஜாடியா, பிளாஸ்டிக் வாளியா?" டெக்சஸ் மாநிலத்து ரிச்சர்ட்சனில், வீட்டிலேயே பீர் காய்ச்சும் சாமான் விற்கும் கடையில் செழியன் கேட்டான்.

"எதையாவது எடுங்க," என்றாள் தாமரைச்செல்வி. "கொதிக்க வைக்கப் பானை மட்டும் வாங்க வேண்டாம். வீட்டுல அண்டா இருக்கு."

மாதக்கணக்காக முகங்கொடுத்துப் பேசாத மனைவி, இன்று அவளாகவே டிரைவ் பண்ணிக் கூட்டி வந்திருந்தாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவளே அண்டாவை அடுப்பில் ஏற்றினாள். விளிம்பில் வெட்டியிருந்த எழுத்துகளைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த மால்ட் டப்பா நழுவியது.

'ரோஷினி முதல் பிறந்தநாள்.'

"இனிமே வீட்டுலயே குடிங்க," என்றாள். "குடிச்சிட்டு நீங்க ஓட்டுற கார்ல, பின் சீட்டுல உக்கார நமக்கு இன்னொரு பொண்ணு இல்லை."