சிவப்பு டார்ச்

"ரத்தத்தைத் தேடப் போறவன் எவனாவது சிவப்பு லைட்டை எடுப்பானா, மாப்ள?"

ராய்ஸ் கேட்டதில் நியாயம் இருந்தது. வேட்டைக் குடிலின் மேசைமேல் அவருடைய காஸ் லைட், தலையில் மாட்டுகிற வெள்ளை லைட், நீல டார்ச் எல்லாம் இருந்தன. அன்று சாயங்காலம் ஒரு மான்மேல் அம்பு விட்டுவிட்டு வந்த அவர் மனைவியின் தம்பி ட்ராவிஸோ, சிவப்பு டார்ச் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

"வெள்ளை வெளிச்சம் பட்டா அடிபட்ட மான் மிரண்டு ஓடும், மாமா. சிவப்பு அதுக்குத் தெரியாது."

"ரத்தமும் நமக்குத் தெரியாது. சிவப்புல சிவப்பு எப்படிடா தெரியும்? இந்தக் காஸ் லைட்டை ஏத்தினா இலைமேல ஒரு சொட்டு விழுந்திருந்தாக்கூட மின்னும்."

"அது உஸ்ஸு உஸ்ஸுன்னு சத்தம் போடும்."

"அப்ப நீலம்?"

"என் கண்ணுக்கு ஆகாது."

"இந்த வெள்ளை?"

"தலை அரிக்கும்."

அடுப்பு வெளிச்சத்தில் கெளுத்தி மீன் பொரித்துக்கொண்டிருந்த ஓடெல் சிரித்தார். அந்தக் குடிலின் சமையலும் சட்டமும் அவர் கையில்தான். "விடு ராய்ஸ். அம்பு விட்டவன் சொல்ற லைட்டுதான். நம்ம வழக்கம் அது."

"இன்னொரு வழக்கமும் இருக்கு" என்று ராய்ஸ் சுவரைக் காட்டினார்.

மானைத் தவறவிட்டவனின் சட்டைப் பின்பக்கத்தை வெட்டி, பேரை எழுதி, சுவரில் ஆணி அடித்து வைப்பார்கள். பதினொரு துண்டுகள் தொங்கின. அதில் மூன்று ட்ராவிஸ் உபயம். ஓடெலுடையதுகூட ஒன்று இருந்தது.

"இருபது வருஷத்துல என் துணி ஒரு நூல்கூட அங்க ஏறினதில்ல, தெரியுமில்ல?"

"தெரியும் மாமா. வருஷா வருஷம் சொல்றீங்களே."

"சரி, சீக்கிரம் கிளம்பு. காலையில இங்கிருந்து நேரா சர்ச்சுக்குப் போகணும். குடும்ப போட்டோ. எல்லாருக்கும் ஒரே துணி எடுத்து உங்கக்கா ராத்திரி பகலா தைச்சு, என்னுதைப் பையில வெச்சு அனுப்பியிருக்கா. ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா லர்லீன் என்னை உப்புக்கண்டம் போட்டுருவா."

ட்ராவிஸ் ஜாக்கெட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டான். நவம்பர் என்றாலும் அலபாமாவில் அன்றைக்கு ஒரே புழுக்கம். அவன் ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றிவிட்டிருந்தான்.

"என்னடா, வேர்த்து ஊத்துது, கழட்டேன்."

"குளுருது மாமா. காலையில ஓடையில விழுந்தேன்ல."

"வில்லையும் பிடிக்கத் தெரியல, பாலத்துல நடக்கவும் தெரியல. என் மாமனார் வீட்டுக்கு வாய்ச்ச ஆண்வாரிசு."

மூவரும் பைன் காட்டுக்குள் நுழைந்தார்கள். சிவப்பு வெளிச்சத்தில் இலை, மண், ராய்ஸின் மூக்கு எல்லாம் ஒரே நிறமாக இருந்தன. ரத்தம் இருந்ததோ இல்லையோ, யாருக்கும் தெரியவில்லை.

"இப்ப புரியுது உன் தந்திரம்" என்றார் ராய்ஸ். "குறி தப்பிடுச்சு. ரத்தம் இருந்துச்சு, லைட்டுலதான் தெரியலன்னு சாதிக்கப் போற. அதுக்குத்தானே சிவப்பு?"

"சத்தியமா அதுக்கு இல்ல மாமா!"

அந்த ஒரு பேச்சில் மட்டும் அவன் குரல் உறுதியாக இருந்தது.

நாற்பதடி தள்ளி ஒரு மரத்தில் அம்பு குத்தி நின்றது. ஓடெல் பையிலிருந்து பெராக்சைடு பாட்டிலை எடுத்தார். ரத்தம் துளி பட்டிருந்தாலும் அந்த மருந்து பொங்கி நுரைக்கும். அதற்கு லைட்டே வேண்டாம். அம்பின் மேல் ஊற்றினார். தண்ணீராக வழிந்து இறங்கியது.

"நுரை இல்ல. மானுக்கு ஒரு மயிருகூட உதிரல" என்று தீர்ப்புச் சொன்னார் ஓடெல்.

ராய்ஸ் கத்தியை உருவிக்கொண்டே குதித்தார். "திரும்புடா!"

"மாமா, வேணாம். உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

"என் நல்லதுக்கா?"

"அப்புறம் ரொம்ப வருத்தப்படுவீங்க."

"நானா? இன்னிக்கு நிம்மதியாத் தூங்குவேன்டா!"

"வேணும்னா என் பேன்ட்டை வெட்டிக்குங்க மாமா!"

"அந்தக் கண்றாவியை எவன் சுவருல மாட்டுறது?"

ட்ராவிஸ் மரத்தைக் கட்டிக்கொண்டான். ராய்ஸ் ஜாக்கெட்டைப் பின்னால் கழுத்து வரை தூக்கிச் சட்டையை வெளியே இழுத்தார். டார்ச் வெளிச்சத்தில் கோடு, புள்ளி எதுவும் இல்லாத வெறும் துணியாகத் தெரிந்தது.

"என்னடா இது, பெட்ஷீட்டைத் தைச்சுப் போட்டிருக்க?"

வழக்கமாக ஒரு முழம்தான் வெட்டுவார்கள். ராய்ஸ் ஆசை தீர, முதுகு மொத்தத்தையும் காலர் வரைக்கும் கிழித்து எடுத்தார். வழியெல்லாம் அதைக் கொடிபோல ஆட்டிக்கொண்டு பாட்டுப் பாடினார்.

குடிலுக்கு வந்ததும் சுத்தியலைத் தேடி எடுத்தார். சுவரில் நடுநாயகமாக ஓர் இடம் பார்த்துத் துணியை விரித்துப் பிடித்தார்.

"ஓடெல், அந்தக் காஸ் லைட்டை ஏத்துங்க. இந்த அழகை நல்ல வெளிச்சத்துல பார்க்கணும்."

உஸ்ஸென்ற சத்தத்தோடு வெள்ளை வெளிச்சம் பரவியது. வெறுமையாக இருந்த துணியில் சிவப்புச் சிவப்பாகக் கட்டங்கள் எழும்பின. காலர் ஓரத்தில், லர்லீனின் கையால் சிவப்பு நூலில் ராய்ஸ் என்று பேர் பின்னியிருந்தது.

ஓடெல் பேர் எழுத எடுத்த பேனாவை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "எனக்கு எழுதற வேலை மிச்சம்."

"நான்தான் சொன்னேனே மாமா, வருத்தப்படுவீங்கன்னு" என்றான் ட்ராவிஸ், கதவோரமாக நகர்ந்தபடி. "என் சட்டை ஓடையில நனைஞ்சது, இன்னும் கொடியிலதான் காயுது."