இரண்டு விசில்

விசிலை முன்பற்களுக்கு நடுவில் வைத்தான்.

நின்றது.

உதட்டைத் தளர்த்திப் பார்த்தான். அப்போதும் நின்றது. கழுத்துக் கயிறு தொய்ந்து தொங்க, விசில் மட்டும் தன் பழைய இடத்தில் கிண்ணென்று உட்கார்ந்திருந்தது.

பதினோரு மாதமாக அவனுடைய வலது கை விசிலைப் பிடித்திருக்கும், இல்லாவிட்டால் கம்பியைப் பிடித்திருக்கும். இன்று அந்தக் கை சும்மா இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையை இரண்டு தடவை தடவிக்கொண்டான்.

மினிபஸ் கிளம்ப இன்னும் ஒரு நிமிடம். ஓட்டுநர் தேவசகாயம் அண்ணாச்சி முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லவில்லை. நேற்று சாயங்காலம் பல் வைத்ததை ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, அவரிடம் மட்டும் சொல்லவில்லை.

காதால் கேட்கட்டும்.

விடிந்ததிலிருந்து வீட்டில் நாலு தடவை ஊதியாயிற்று. இது வீடா பஸ் ஸ்டாண்டா என்று மனைவி கேட்டுவிட்டாள்.

பதினோரு மாதத்துக்கு முந்தைய அந்த நாளில் குற்றம் யாருடையதும் இல்லை. விசிலைப் பல்லில் கவ்வியபடி டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். ஒரு கன்றுக்குட்டி குறுக்கே பாய்ந்தது. அண்ணாச்சி பிரேக்கை மிதித்தார்.

கன்றுக்குட்டி பிழைத்தது.

கம்பியில் மோதிய வாயில் இரண்டு பல் போயிற்று.

அதிலிருந்து அண்ணாச்சி விசிலுக்கு வண்டியை எடுப்பதில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் முழுசாகத் திரும்பி, அவன் கையைப் பார்த்து, ஒரே கேள்வி கேட்பார்.

“பிடிச்சிருக்கீரா வே?”

அவன் கம்பியைத் தட்டிக் காட்டுவான். பிறகுதான் கியர் விழும். போக இருபத்திரண்டு நிறுத்தம், வர இருபத்திரண்டு. கல்லூரிப் பிள்ளைகள் அவரை முந்திக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர் சிரிப்பதில்லை. முன்பெல்லாம் பால்பண்ணை விலக்கு வருவதற்குள் மூன்று ஊர் வம்பு பேசி முடிக்கிற மனிதர். இப்போது அந்தக் கேள்வியைத் தவிர வேறு பேச்சு கிடையாது.

கழற்றி மாட்டும் பல்லை முதலில் வாங்கினான். மூன்றாம் நாள் அது விசிலோடு சேர்ந்து பறந்து, ஒரு அம்மாளின் கத்தரிக்காய்ப் பைக்குள் விழுந்தது. அந்த அம்மாள் பையையே அவன் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

பக்கத்துப் பற்கள் இரண்டையும் ராவி, அவற்றின் மேல் பாலம்போலக் கட்டலாம் என்றார் டாக்டர் ஷமீமா. அவனுக்கு மனம் ஒப்பவில்லை. நன்றாக இருக்கிற பல். அவை என்ன பாவம் செய்தன?

அப்படியானால் இன்னொரு வழி இருக்கிறது என்றார். தாடை எலும்புக்குள், வேர் இருந்த இடத்தில், பல்லுக்கு ஒரு சின்ன டைட்டானியம் திருகு. அதன் மேல் பல். திருகை வைப்பது பெரிய வேலை இல்லையாம். காத்திருப்பதுதான் வேலை. எலும்பு தானாக வளர்ந்து வந்து திருகைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாலு மாதம் ஆகும். பசை கிடையாது, கொக்கி கிடையாது. அசைக்காமல் விட்டால் போதும்.

உலோகத்தைப் போய் எலும்பு பிடிக்குமா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டான். பிடிக்கும் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார்.

டீக்கடையில் தினத்தாள் ஓரத்தில் படம் போட்டு விளக்கினான். டீக்கடைக்காரர் கடைசிவரை கேட்டுவிட்டு, “அப்பம் பல்லு வலிச்சா இனி மெக்கானிக்கிட்டல்லா போவணும்” என்றார்.

நேற்று டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கொளியில் பிடித்துக் காட்டினார். இரண்டு திருகுகளின் மரைகளுக்கு இடையிலெல்லாம் எலும்பு ஏறி நின்றது.

பிடித்திருந்தது.

அவற்றின் மேல் பற்களை ஏற்றியதும், விசில் எங்கே என்று அவரே கேட்டார். கடிக்கக் கூடாது, தாங்கினால் போதும் என்றார். அங்கேயே ஊதினான். வெளியே காத்திருந்த ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

கடைசி ஆள் ஏறியாயிற்று.

அண்ணாச்சி திரும்பாமல் வண்டியை எடுக்க வேண்டும். அது ஒன்று போதும்.

ஊதினான்.

இரண்டு விசில்.

அண்ணாச்சியின் தோள் அசைந்தது. கழுத்து பழக்கத்தில் திரும்பத் தொடங்கியது. பாதி வந்தது.

அப்படியே நின்றது.

டிரைவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் இரண்டு கண்கள் அவன் வாயையே பார்த்தன.

அவன் சிரித்தான். ஈயென்று, எல்லாப் பல்லும் தெரிய.

விசில் விழவில்லை.

கழுத்து நேரானது. கியர் விழுந்தது. மேலே தொங்கிய கைப்பிடிகளில் ஒன்றுகூட ஆடாமல் வண்டி நகர்ந்தது.

முன்சீட்டில் இருந்தவர் டிக்கெட்டுக்குக் கை நீட்டினார். கிழிக்க இரண்டு கை வேண்டும். இடது கையில் டிக்கெட் கட்டு இருந்தது. வலது கையைத் தேடினான்.

அது கம்பியில் இருந்தது.

எப்போது போனதென்று அவனுக்கே தெரியவில்லை. விரல் முட்டியெல்லாம் வெளுத்துக் கிடந்தது.

அண்ணாச்சி சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கம்பிய விடும் வே. நான் பாத்துக்கிடுதேன்.”

சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினான்.