பிழையில்லாத நாலு வாக்கியம்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஞாயிறு ஆங்கில வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். கிராஞ்சி விடுதியிலிருந்து வரும் கட்டடத் தொழிலாளி லாசரஸ் மட்டும் நோட்டோடு நின்றான்.

“டீச்சர், இன்னொரு தடவை கேளுங்க.”

இராசேஸ்வரிக்குச் சலிப்பாக இருந்தது. ஒரு மாதமாக இதே நாலு வாக்கியம்தான். “அந்தத் தொழிலாளிக்குப் பாதுகாப்பு பெல்ட் கொடுத்தார்கள். அவன் அதைப் போடவில்லை. மேலேயிருந்து விழுந்துவிட்டான். வேறு யார்மீதும் தவறில்லை.” எழுவாய், பயனிலை என்று ஒவ்வொன்றையும் அவள்தான் ஆங்கிலத்தில் சீராக்கிக் கொடுத்திருந்தாள். வேலையிடப் பாதுகாப்புப் பரீட்சைக்கு மனிதன் என்னமாய் மெனக்கெடுகிறான்!

லாசரஸ் நோட்டைப் பார்க்காமலே கடகடவென்று ஒப்பித்தான்.

“சூப்பர் லா! கண்டிப்பா பாஸாயிடுவீங்க. பரீட்சை எப்ப?”

“பரீட்சை இல்ல டீச்சர். நாளைக்கு விசாரணை. இங்கிலீஷ்ல இப்படித்தான் சொல்லணும்னு சூப்பர்வைசர் சொல்லிக் குடுத்தாரு. சொன்னாத்தான் என் வேலை பர்மிட்டைப் புதுப்பிப்பாங்களாம்.”

“அப்ப... விழுந்தது யாரு?”

“என் தம்பி. எங்க யாருக்குமே பெல்ட் குடுக்கல டீச்சர்.”



லாசரஸ் நோட்டை அவளிடம் நீட்டினான்.

“எங்கயாச்சும் இன்னும் தப்பு இருக்கா, பாருங்க டீச்சர்.”