கழுத்துப் பொத்தான்

சுட்டதும் தோட்டாவின் வெற்றுக்கூட்டைத் தானாகவே வலப்பக்கம் துப்பிவிடும் வேட்டைத் துப்பாக்கி அது. வலக்கைக்காரர்கள் சுட்டபோது அந்தப் பக்கம் எப்போதும் வெறும் காற்றுதான் இருந்தது. மரவள்ளியைப் பன்றியிடமிருந்து காக்க அதை வாங்கிய இடக்கைக்காரன் மட்டும் அங்கே கன்னத்தை வைத்தான்.

பழகிப் பார்க்கும்போது முதல் குண்டு குறியில் பட்டது, இரண்டாவது தவறியது.

"கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறான், பயந்தாங்கொள்ளி," என்றது துப்பாக்கி.

"நீ துப்பினால் அவன் மூஞ்சிக்கு முன்னால்தானப்பா பறக்கிறோம்," என்றது புல்லில் கிடந்த வெற்றுக்கூடு. "அவன் கழுத்தைச் சுட்டுவிட்டுத்தான் நான் இங்கே விழுந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லவில்லையே?"

"யாரிடம் சொல்வான், உன்னிடமா?"



மறுநாள் பன்றி வந்தது. அவன் சுட்டான், குண்டு நூலிழையில் தவறியது. அவன் கழுத்தைச் சுடக்கூடாதென்று சூடான கூட்டைத் துப்பாக்கி வெளியே விடாமல் பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டது. அடுத்த குண்டு ஏற வழியில்லை. பன்றி ஒரு கிழங்கைக் கவ்விக்கொண்டு நிதானமாக வேலியைத் தாண்டிப் போயிற்று.

"இன்றைக்கு என்ன வந்தது உனக்கு?" என்று அவன் குனிந்து, சிக்கிய கூட்டை நகத்தால் நெம்பினான்.

அப்போதுதான் துப்பாக்கி கவனித்தது. அவன் காலரை நிமிர்த்திவிட்டு, கழுத்துவரை பொத்தான் போட்டு வந்திருந்தான்.