வாரித் துடைத்த கடலடி

காலை வெயிலில் கொரியாவின் தேயான் கடலில் படகு ஆடுகிறது. ஓக்பூன் இழுத்த வலையில் வெறும் சேறு. ஒரு குட்டிக் கணவாய்கூட இல்லை. “வலை கிழியுதுன்னு ஊரே சேந்து செத்த சங்கையெல்லாம் வாரினீங்களே, இப்ப கிழியல. சந்தோஷமா?” என்று கணவன் தோக்சுவிடம் கத்துகிறாள். முன்பெல்லாம் ஒவ்வொரு வெற்றுச் சங்கிலும் ஏதாவது ஒன்று முட்டையிட்டு ஒளிந்து கிடக்கும். தோக்சு சேற்றைக் கிளறுகிறான். வெற்றுச் சங்கில் குடியிருக்கவேண்டிய துறவி நண்டு ஒன்று, சோஜு சாராய பாட்டிலின் மூடிக்குள் வயிற்றைத் திணித்துக்கொண்டு நகர்கிறது. கரையில் வாரிக் குவித்ததிலிருந்து அவள் கட்டிக் கொண்டுவந்த சங்கு மூட்டையை அவிழ்த்து, சின்னதாக ஒன்றை எடுத்து நண்டின் முன் வைக்கிறான். “மாறிக்கோடா.” நண்டு தொட்டுப் பார்க்கிறது, மாறவில்லை. ஓக்பூன் மூட்டையை அப்படியே கடலில் கவிழ்க்கிறாள். “மூணு வாரம் வாரினோம். ஒத்தை மூட்டை எதுக்குக் காணும்?” என்கிறான். “தெரியும்.” வெறும் சாக்கை அவன்மேல் எறிகிறாள். “கரைக்குப் போய் அடுத்தத கட்டுங்க.”