ஒரு நாளைக்கு நாலு பக்கம்

"பாரேன், கடைசி அத்தியாயத்தை எடுத்ததும் யாந்தினாவுக்குச் சமையலறையில வேலை வந்துடும்."

நடையில் என் கோட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது. சொன்னது கேர்த்யே.

"இன்னிக்கு நான் விடப் போறதில்லை" என்றார் ரென்ஸ்கே.

ஹார்லிங்கன் துறைமுகத்துக்குப் பின்தெருவில், ரென்ஸ்கே வீட்டில்தான் எங்கள் வாசிப்பு வட்டம் கூடும். மாதத்தின் முதல் செவ்வாய், சரியாக இரண்டரை மணி. ரென்ஸ்கே முப்பத்தெட்டு வருடம் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். மற்ற இருவரும் அவரைப் போலவே எழுபதைத் தாண்டியவர்கள். எனக்கு இருபத்து நாலு. பேசக் கூச்சமாக இருப்பதால் காபி ஊற்றும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

இந்த மாத நாவலில், கால்வாய் ஓரம் தனியாக வாழும் ஒருவன், வீட்டைவிட்டுப் போன அண்ணனுக்கும் சேர்த்துத் தினமும் இரண்டு தட்டு வைக்கிறான்.

"முதல் பக்கத்துலேர்ந்து மழை. படிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கு மூட்டுவலியே வந்துடுச்சு" என்றார் கேர்த்யே.

"அந்த அண்ணன் கடைசியில..." என்று ரென்ஸ்கே ஆரம்பிக்க, யாந்தினா சட்டென்று எழுந்தார்.

"காபி ஆறிடுச்சு. நான் போய்ச் சூடா..."

"உட்காரு. காபிக்கு நீன்கே இருக்கா. நீ எத்தனாவது பக்கம்?"

"எழுபத்தாறு."

"போன புத்தகத்தை எப்ப முடிச்ச?"

"கூட்டம் நடந்து ஒன்பது நாள் கழிச்சு."

கேர்த்யே சிரித்துவிட்டார். ரென்ஸ்கே சிரிக்கவில்லை.

"நீ சேர்ந்து மூணு மாசம். ஒண்ணையாவது நேரத்துக்கு முடிச்சியா? என் மூணாம் வகுப்புப் பசங்க உன்னைவிட வேகமாப் படிப்பாங்க. மூஞ்சிக்கு நேரா சொல்லிடறேன், யாந்தினா. இந்தத் தடவையோட நின்னுக்கோ."

"சரி" என்றார் யாந்தினா. காபிக் குடுவையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். திரும்பாமலே கேட்டார்: "நீன்கே, அண்ணன் வந்தானா இல்லையான்னு சொல்லிடாதேம்மா."

"சொல்லமாட்டேன்."

"முடிவு தெரிஞ்சா என் குரல்லயே விட்ஸே கண்டுபிடிச்சிடுவான்."

"விட்ஸே யாரு?"

"என் அண்ணன். தீவுல தனியா இருக்கான். அம்மா போனப்ப ஒரு சுவர்க்கடிகாரம் யாருக்குன்னு சண்டை. பதினோரு வருஷம் பேச்சே இல்லை. அவனுக்குக் கண் தெரியலைன்னு இந்த வருஷம் யாரோ சொன்னாங்க. உடனே போன் பண்ணிட்டேன். என்ன பேசறதுன்னுதான் தெரியலை. 'ஒரு வாசிப்பு வட்டத்துல சேர்ந்திருக்கேன், ரொம்பக் கண்டிப்பு. தனியாப் படிச்சா தூங்கிடறேன். சத்தமாப் படிக்கிறேன், கொஞ்சம் கேக்கறியா'ன்னு கேட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"'உனக்கு உதவின்னா சரி'ன்னான்." யாந்தினா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பொய் சொன்னேன். மறுநாள்தான் இங்க வந்து சேர்ந்தேன்."

"ஒலிப்புத்தகம் இருக்குமே..." என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அலமாரி நிறைய வெச்சிருக்கானாம். அவன் பக்கத்து வீட்டுக்காரி சொன்னா. நான் கேக்கலை, அவனும் சொல்லலை. சாயங்காலம் ஏழு மணிக்கு நாலு பக்கம். வேற எதுவும் பேசறதில்லை."

"கொஞ்சம் கூடப் படிச்சா சீக்கிரம் முடிஞ்சிடுமே?"

"முடிஞ்சிடும். அதுதான் பயம். அப்புறம் என்னன்னு கூப்பிடறது?"

குழாயைத் திறந்து குடுவையை அலசினார்.

"சின்ன வயசுல அவன்தான் எனக்குப் படிப்பான். எங்க வீட்ல கதைப் புத்தகம் கூடாது. சாப்பிட்டதும் அப்பா பைபிள்ல ஒரு அதிகாரம் படிச்சு முடிக்கிற வரைக்கும் யாரும் அசையக் கூடாது. முடிஞ்ச உடனே ரெண்டு பேரும் வைக்கோல் பரணுக்கு ஓடுவோம். நாலே பக்கம் படிப்பான். நல்ல இடமாப் பார்த்து நிறுத்திட்டு, புத்தகத்து மேலேயே உட்கார்ந்துக்குவான், நான் எடுத்துப் படிச்சிடக் கூடாதாம். 'மீதி நாளைக்கு'ம்பான். பரண் முழுக்க வைக்கோல் வாசனை... நேத்து நான் நிறுத்தினப்ப, 'அடிப்பாவி, இங்கேயா நிறுத்துவே?'ன்னான். பதினோரு வருஷத்துல அவனா என்கிட்ட பேசின முதல் வார்த்தை அதுதான்."

"ரென்ஸ்கேகிட்ட சொல்லுங்களேன்."

"வேண்டாம்மா. பரிதாபப்பட்டு வெச்சுக்குவா. எனக்கு அது வேண்டாம். வட்டத்துலேர்ந்து நிறுத்திட்டாங்கன்னு இன்னிக்கே அவன்கிட்ட சொல்லிடணும். இன்னொரு பொய் சொல்லத் தைரியம் இல்லை."

அப்போதுதான் பார்த்தேன். யாந்தினாவின் முதுகுக்குப் பின்னால், சமையலறை வாசலில் காலிப் பால் குவளையோடு ரென்ஸ்கே நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. பாலை எடுக்காமலே திரும்பிப் போய்விட்டார்.

நாங்கள் கூடத்துக்கு வந்தபோது கேர்த்யே உற்சாகமாக ஆரம்பித்தார்: "ஆனா அந்த அண்ணன் கதவைத் தட்டி..."

"போதும் கேர்த்யே. இந்த நாவல்ல மழையைத் தவிர பேச ஒண்ணுமில்லை. அடுத்த புத்தகத்துக்குப் போவோம்" என்றார் ரென்ஸ்கே.

யாந்தினா தன் கோட்டை எடுக்க நடந்தார்.

"எங்க கிளம்பிட்ட? வந்து உட்காரு. அரைகுறையாப் படிக்கிறவங்களை வெளியே அனுப்பினா அவங்க எப்பத்தான் உருப்படறது? பயிற்சி வேணும்."

பழைய ஆசிரியைக் குரல். யாந்தினா திரும்பி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

ரென்ஸ்கே முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். அலமாரியின் மேல்தட்டைத் துழாவி, இருப்பதிலேயே தடியான புத்தகத்தை இரண்டு கையாலும் இழுத்தார்.

"எண்ணூத்தி அறுபது பக்கம்!" கேர்த்யே அலறினார். "ஒரு மாசத்துல இதை யாரு முடிக்கிறது?"

ரென்ஸ்கே தூசியை ஊதிவிட்டு, புத்தகத்தை யாந்தினாவின் மடியில் வைத்தார்.